முனையை விடுவதற்கு முன்

என் கண்ணே, இங்கே நானும் உன் தம்பியும் வேளைக்கு வேலைக்குப் போய், வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படி இருந்தால் எனக்கு அது போதும். போனில் பேசினால் நீ அழுகிறாய், நீ அழுதால் நானும் அழுகிறேன், இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம், சொல்ல வந்தது சொல்லாமலே போகிறது. அதனால்தான் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நீங்க சொல்லுங்க நான் எழுதித் தர்றேன் என்றான் தம்பி, நீ உன் வேலையைப் பாருடா என்று அனுப்பிவிட்டேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

தம்பி இப்போது அப்பாவின் சட்டைகளைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறான். தோள் பக்கம் தொளதொள என்று தொங்குகிறது, பின்னால் இருந்து பார்த்தால் அப்பாவே போவது போல இருக்கிறது, கழற்றுடா என்று சொல்லவும் வாய் வரவில்லை. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, அப்பா இருந்தால் ஒரு வாரம் குழாயைத் திட்டிவிட்டு அப்புறம் சரி செய்வார், இவன் திட்டுவதும் இல்லை சரி செய்வதும் இல்லை. நானும் சலவைப் பிரிவுக்குத் திரும்பப் போக ஆரம்பித்துவிட்டேன். அதே ஆஸ்பத்திரி, அதே லிஃப்ட். அப்பா கடைசியாகப் படுத்திருந்த மாடியில் லிஃப்ட் நின்றால் முதலில் கண்ணை மூடிக்கொள்வேன், இப்போது மூடுவதில்லை.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ நர்ஸ் வேலை பார்க்கிற வார்டில் கருவைக் கலைக்க வருகிற பெண்களுக்கு நீ கூட நிற்க வேண்டியிருக்கிறது, உன் மனசு அதற்கு இடம் கொடுக்கவில்லை என்று சொன்னாய். சரி. அதைத் தலைமை சிஸ்டரிடம் சொல்லப் பயந்து, அந்த நாள் வந்தால் தலைவலி என்று லீவு போடுகிறேன் என்றும் சொன்னாய். போன தடவை நீ லீவு போட்ட அன்று ஒரு பெண், கவனிக்க நர்ஸ் இல்லாமல், மதியம் முழுக்க நடைபாதை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள், துணைக்கு யாரும் வரவில்லை, மறுநாள் போனபோதுதான் உனக்கே தெரிந்தது. அதைச் சொல்லித்தானே அழுதாய், வேலையை விட்டுட்டு வந்துடறேம்மா என்றாய். வராதே. வேலையை விட வேண்டியதே இல்லை. ஏன் சொல்கிறேன் என்றால் அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு மூச்சு மெஷினை நிறுத்திவிடலாம் என்று நீ போனிலும் நாங்கள் இங்கேயுமாக நாம் மூன்று பேரும் சேர்ந்துதானே முடிவு செய்தோம். பஸ் ஓட்டின மனுஷன், என்ஜின் போன வண்டியை நடுரோட்டில் நிறுத்தி வைக்காதீங்க, ஓரமா விட்டுருங்க என்று நினைவு இருக்கும்போதே சொல்லிவிட்டார், அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. பெரிய டாக்டர் காலையில் வந்து எல்லாம் பேசிவிட்டு, டியூட்டி டாக்டர் வந்து செய்வார் என்று சொல்லிப் போனார். டியூட்டி டாக்டர் வரவில்லை. கேட்டால் ரவுண்ட்ஸ்ல இருக்கார் என்றார்கள், அப்புறம் மீட்டிங் என்றார்கள், அப்புறம் இப்போதான் சாப்பிடப் போனார் என்றார்கள். தம்பி, அந்த ஆளுக்கு எத்தனை வயிறும்மா என்றான். கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் இதோ வந்துவிட்டார்கள் என்று அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, போய் வாங்க என்று சொல்வேன், பார்த்தால் தரை துடைக்கிறவர் நிற்பார். ஒரே ஆளை ஒரே நாளில் எத்தனை தடவைதான் அனுப்பி வைப்பது. பொழுது சாயும்வரை அப்படியே போனது. அந்த டியூட்டி டாக்டர் பிள்ளைக்கு அதைச் செய்ய மனசு வரவில்லை, சொல்லவும் தைரியம் வரவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. மனசு வராதது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒளிந்தது தப்பு.

மறுநாள் காலையில் குட்டை சிஸ்டர் வந்தாள், நான் போனில் சொல்வேனே, நாற்காலி போட்டு ஏறி அலமாரியைத் திறப்பாள் என்று, அவள்தான். நேராக என் எதிரில் உட்கார்ந்து, அம்மா, டாக்டர் கூட நின்னு மெஷினை நிறுத்த இன்னிக்கு என்னைப் போட்டிருக்காங்க, என் கையால அது முடியாது, என் நம்பிக்கை அப்படி, நீங்க எடுத்த முடிவை நான் தப்பு சொல்லல என்றாள். எனக்கு வந்ததே கோபம். அப்ப நாங்க கொலைகாரங்களா, நீ மட்டும் யோக்கியமா என்று கேட்டுவிட்டேன். எழுந்து போகவில்லை அவள். திட்டுங்கம்மா, நான் இங்கதான் இருப்பேன், தாடி அண்ணனைக் கேட்டிருக்கேன், அவர் வந்து சரின்னு சொல்ற வரைக்கும் இது என் பொறுப்பு என்றாள். தாடி அண்ணன் என்பது ஆண் நர்ஸ், தாடிக்கு ஒரு வலையே மாட்டியிருப்பார். வந்தார், பெரிய டாக்டரையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். தாடி அண்ணன் அப்பா பக்கத்தில் நின்று சரி என்ற பிறகுதான் இவள் அந்த வேலையை விட்டாள்.

எனக்கு அது ஏன் மனதில் நின்றது தெரியுமா. எங்கள் சலவைப் பிரிவில் பெரிய விரிப்பை இரண்டு பேராக மடிப்போம். முனையைக் கைமாற்றும்போது பிடிச்சியா என்று கேட்க வேண்டும், பிடிச்சேன் என்று எதிரில் இருப்பவள் சொன்ன பிறகுதான் விட வேண்டும். கேட்காமல் விட்டால் துணி தரையில் போகும், மறுபடி முதலில் இருந்து துவைக்க வேண்டும். ஒல்லியக்கா கேட்காமல் விட்டுவிட்டு, கை வலிச்சுது என்பாள், வாய் வலிக்கலையே கேட்டிருக்கலாமே என்று எல்லாரும் பிடித்துக்கொள்வோம்.

நேற்று டீ நேரத்தில் இந்தப் பேச்சையே நான்தான் கிளப்பினேன். உன் பெயரை எடுக்கவில்லை, பயப்படாதே. எங்கள் ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் மருந்து கொடுக்கிறவர், சம்பளம் வாங்குறோம்ல, மனசாட்சியை லாக்கர்ல வச்சுப் பூட்டிட்டுத்தான் வார்டுக்குள்ள வரணும் என்றார். சாவியையே தொலைச்சவர் பேசுறார் பாரு என்றாள் ஒல்லியக்கா. குட்டை சிஸ்டர் சிரிக்கவில்லை, மனசாட்சியைப் பூட்டிட்டு வர்றவ கையில உங்க அம்மாவை விடுவீங்களா என்று கேட்டாள், அவர் டீயைக் குடித்தார். தாடி அண்ணன் சொன்னதையும் நீ கேட்டுக்கொள்ள வேண்டும். முடியாதுன்னு சொல்றவங்க நல்லவங்க ஆயிடறாங்க, செய்றவன் கல்நெஞ்சுக்காரன் ஆயிடறான், எனக்கும் அன்னிக்கு வீட்டுக்குப் போனா சோறு இறங்காது என்றார். நான் அவர் தட்டில் ஒரு பிஸ்கட் வைத்தேன். அதனால் நீ விலகும்போது உன் வேலையை எடுத்துக்கொள்கிறவளை ஏளனமாகப் பார்க்காதே. அவளுடைய கஷ்டமான வேலை ஒன்றை நீ வாங்கிக்கொள்.

நாளைக்கே தலைமை சிஸ்டரிடம் போ. என்னால் இது முடியாது, இனி தலைவலி என்று சொல்ல மாட்டேன், முன்கூட்டியே ஆள் போடுங்கள் என்று நிமிர்ந்து சொல். திட்டினால் வாங்கிக்கொள். வருகிற பெண்ணுக்கு உன் முகத்தில் ஒரு சுளிப்பும் தெரியக் கூடாது, அவள் என்ன பாடு பட்டு அந்தப் படி ஏறி வந்தாளோ. நான் உன் இடத்தில் இருந்தால் அவள் கூட நின்றிருப்பேன், அது நான், நீ நீ. ஆனால் ஒன்று. எதிரில் பிடிக்க ஆளே இல்லாமல், அவளுக்கு உயிர் போகிற மாதிரி இருந்தால், அப்போது நீ விடக் கூடாது. கையைக் கொடு. உன் மனசோடு அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம், நானும் கூட உட்கார்ந்துகொள்கிறேன்.

அப்பா பக்கத்துல கடைசியா யாரும்மா இருந்தாங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். இப்போது சொல்கிறேன். நான் தலைமாட்டில், தம்பி கையைப் பிடித்துக்கொண்டு. டாக்டர் சொல்லச் சொல்லத் தாடி அண்ணன் ஒவ்வொன்றாக நிறுத்தினார். குட்டை சிஸ்டர் அதற்கு முன்பே அப்பாவுக்கு முகம் மழித்து, உதட்டை ஈரப்படுத்தி, தலை வாரி விட்டிருந்தாள். நிறுத்தும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் அவள் கை அப்பாவின் பாதத்தில் இருந்தது. மூச்சு அடங்கி, வெகுநேரம் கழித்து, அம்மா நீங்க பிடிச்சுக்கறீங்களா என்று கேட்டாள். நான் வந்து பிடித்துக்கொண்ட பிறகுதான் எடுத்தாள்.

உனக்கு நல்ல தூக்கமும் நல்ல கூட்டாளிகளும் அமையட்டும், நீ தொடுகிற உடம்பெல்லாம் தேறி வீட்டுக்குப் போகட்டும். தலைமை சிஸ்டரிடம் சொல்லிவிட்டு எனக்குப் போன் பண்ணு, அழாமல் பேசலாம். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

எப்போதும் உன் பக்கம் நிற்கும்
அம்மா