பிசிலா வாசிக்கிறாள்

ஊயிஹா தீவு, ஹாபாய், தொங்கா
12 மார்ச் 1987

அன்புள்ள மோசேசேவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். நீங்கள் ஆக்லாந்திலிருந்து அனுப்பிய கம்பளிச் சட்டையைச் சிமி கழற்ற மாட்டேன் என்கிறான். மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்த வெயிலில் எதற்குக் கம்பளி என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். "எங்க அப்பா குடுத்தது" என்று சண்டைக்குப் போகிறான்.

சொல்ல வந்தது பிசிலாவைப் பற்றி. மே மாதம் பிள்ளைகள் ஞாயிறு வருகிறதல்லவா, அன்றைக்கு மற்றப் பிள்ளைகள் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லட்டும், நம் பிள்ளை வேதப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும் என்று அண்ணி முடிவு செய்துவிட்டார். "என் தம்பி பொண்ணு கிளி மாதிரி ஒப்பிக்கக் கூடாது" என்கிறார். அதற்காகவே தலைநகரிலிருந்து கப்பலேறி வந்து நம் வீட்டில் தங்கியிருக்கிறார்.

பிசிலாவுக்கு ஆறு வயது. இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறாள். தினமும் சாயங்காலம் அண்ணி பக்கத்தில் உட்கார்கிறார். "ம், அப்புறம்? அது என்ன எழுத்து? மண்டைக்குள்ள என்ன, தேங்காத் தண்ணியா?" ஒவ்வொரு தப்புக்கும் ஒரு குட்டு. நேற்று ஒன்று கவனித்தேன். அவள் எழுத்தையே பார்ப்பதில்லை. அத்தையின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறாள். புருவம் நெரிந்தால் சொல்லை மாற்றுகிறாள்.

நான் வாய் திறக்க முடியாது. நம்மில் அப்பாவின் அக்கா ஒன்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் உங்கள் அக்காவுக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள்
லோசலினி


மாங்கரே, ஆக்லாந்து
2 ஏப்ரல் 1987

அன்புள்ள லோசலினி,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவுக்கு நான் எப்படி எழுதுவது? அவள் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்ததுகூட இல்லை நான்.

இதையும் கேள். போன மாதம் எங்கள் இறைச்சித் தொழிற்சாலையில், சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழிச் சுவரில், ஓர் அறிவிப்பை ஒட்டினார்கள். மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு, "நீ படி, எல்லாருக்கும் கேக்கற மாதிரி" என்றான். ஆங்கிலம். பாதியில் நாக்குக் குழறியது. நம் ஆட்கள்கூடச் சிரித்தார்கள். அன்று சாப்பிடக்கூடப் போகவில்லை நான்.

என் மகளைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிக்கக் கூடாது. அதற்கு இப்போது நாலு குட்டு வாங்கினால் பரவாயில்லை. அக்கா செய்வது சரி. நீ குறுக்கே நிற்காதே.

சிமிக்கு முத்தம். மழைக்கு முன் கூரையைப் பார்க்கச் சொல்லி என் தம்பியிடம் சொல்.

மோசேசே


ஊயிஹா
5 மே 1987

அன்புள்ள மோசேசேவுக்கு,

உங்களுக்குச் செய்தி வேறு வாயால் வருவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

ஞாயிறன்று வெள்ளை உடுப்பு, இடுப்பில் அண்ணி பின்னிய புதுப் பாய்ப் பட்டை, தலையில் பூ. பிசிலா அவ்வளவு அழகாக இருந்தாள். முன்னால் போய் நின்றாள். சீடர்கள் படகில் ஏறும் பகுதி. முதல் வரி நன்றாகத்தான் வந்தது. பிறகு தலையை நிமிர்த்தி அத்தையைத் தேடினாள். அண்ணி தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், முகம் தெரியவில்லை. பிள்ளை தடுமாறிப் போனாள். "அவர்கள் பன்றியில் ஏறினார்கள்" என்று வாசித்துவிட்டாள்.

கோவில் முழுக்கச் சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை. போதகருக்கே தோள் குலுங்கியது. வேறு நேரமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். பிசிலா புத்தகத்தை மூடி, எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, நடுவழியே நடந்து வெளியே போய்விட்டாள். நான் எழுந்தேன். அண்ணி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். நானும் உட்கார்ந்தேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விருந்தில் அவள் எதையும் தொடவில்லை. பள்ளியில் பிள்ளைகள் "பன்றி எத்தனை மணிக்குக் கிளம்புது?" என்று கேட்கிறார்களாம். புத்தகத்தைப் பார்த்தாலே எழுந்து போய்விடுகிறாள். அண்ணி நேற்றுக் கப்பலில் ஊருக்குப் போய்விட்டார். "இந்தப் பிள்ளைக்கு மூளை மந்தம்" என்று துறையில் எல்லார் காதுபடச் சொல்லிவிட்டுப் போனார். பிசிலா பக்கத்தில்தான் நின்றாள்.

லோசலினி


மாங்கரே
23 மே 1987

லோசலினி,

எனக்குச் செய்தி உன் கடிதத்துக்கு முன்பே வந்துவிட்டது. இங்கே கோவிலில் ஒருவன் பன்றி மாதிரிக் குரல் கொடுத்துவிட்டு என் முதுகில் தட்டினான். விளையாட்டுத்தான். நான் பாதிப் பாட்டில் எழுந்து வந்துவிட்டேன்.

அவள் சாப்பிடுகிறாளா? தூக்கத்தில் ஏதாவது சொல்கிறாளா? மந்தம் என்று அக்கா நிஜமாகவே சொன்னாளா, நீ கோபத்தில் எழுதினாயா? எனக்கு வேலையில் நிலைகொள்ளவில்லை. என்ன செய்யலாம் என்று எழுது. சீக்கிரம் எழுது.

மோசேசே


ஊயிஹா
9 ஜூலை 1987

அன்புள்ள மோசேசேவுக்கு,

கப்பல் இரண்டு வாரம் வராததால் தாமதம், கோபிக்காதீர்கள்.

முதலாம் வகுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர் ஃபெலெதி வீட்டுக்கு வந்தார். கையில் புத்தகம் ஒன்றும் இல்லை. சிமியோடு பந்து உருட்டினார், அவித்த மரவள்ளி சாப்பிட்டார், போகும்போது என்னிடம் சொன்னார்: "அக்கா, அவ திணறும்போது நீங்க வாயைத் திறக்காதீங்க. கஷ்டம்தான், தெரியும். ஆனா பொறுங்க. தப்புன்னு அவளுக்கே தோணி அவளே திரும்பி வரணும். நாம முந்திக்கிட்டா, அவ நம்ம வாயைத்தான் பார்ப்பா."

"எதைப் படிக்க வைக்கிறது?" என்று கேட்டேன்.

"முன்னாடி படிச்ச சின்னப் புத்தகத்தையே படிக்கட்டும். தெரியும்கற ருசி முதல்ல நாக்குல படட்டும்."

அந்தப் பழைய புத்தகத்தைத் தாழம்பாய் மேல் சும்மா போட்டு வைத்தேன். பல நாள் அப்படியே கிடந்தது. எனக்குப் பொறுமை இல்லை, உங்களுக்குத் தெரியுமே. எடுத்து அவள் கையில் திணித்துவிடலாமா என்று கை பரபரக்கும். ஒரு நாள் புத்தகத்தைக் காணோம். சமையல் குடிசைக்குப் பின்னால் சிமியை உட்கார வைத்து வாசித்துக் காட்டுகிறாள்! அவனுக்குப் படகும் ஒன்றுதான், பன்றியும் ஒன்றுதான். "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று கேட்கிறான்.

நான் அப்போது துணி செய்ய மரப்பட்டை அடித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தினால் ஒட்டுக் கேட்கிறேன் என்று தெரிந்துவிடும். அதனால் அடித்துக்கொண்டே இருந்தேன், பட்டை கிழிந்தே போய்விட்டது. ஓரிடத்தில் அவள் தப்பாகச் சொன்னாள். என் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதே வரியை மறுபடி முதலிலிருந்து கூட்டினாள். பிறகு, "ஏய் சிமி, அது இல்லடா, இது" என்று தானே திருத்தினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தொழிற்சாலையில் சிரித்தார்களே, அதற்குப் பிறகு நீங்கள் அந்தச் சுவர்ப் பக்கம் போனீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

அண்ணி பிசிலாவைத் தலைநகருக்கு அழைத்துப் போய்த் தன்னோடு வைத்துக்கொள்ளப் போவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். இப்போதுதான் தளிர் விடுகிறது. வேண்டாம் என்று நீங்கள் எழுத வேண்டும். நான் சொன்னால் எடுபடாது.

உங்கள்
லோசலினி


மாங்கரே
30 ஜூலை 1987

அன்புள்ள லோசலினி,

பிசிலா சிமிக்கு வாசித்துக் காட்டுவதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். நீ கேட்டதற்குப் பதில்: இல்லை, போகவில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்குச் சுற்றுவழியாகத்தான் போகிறேன்.

அக்காவோடு தொலைபேசியில் பேசினேன். வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அவள் அழுதுவிட்டாள். பிள்ளை இல்லாதவள், வீட்டில் தனியாக இருக்கிறாள். அங்கே பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறது. என்னால் முடியவில்லை, சரி என்று சொல்லிவிட்டேன். பிசிலா இனி அக்காவுடனே இருக்கட்டும்.

அடுத்த மாதக் கப்பலில் அக்கா வருவாள். பிசிலாவிடம் இப்போது எதுவும் சொல்லாதே, அழுவாள். சும்மா ஊர் பார்க்கப் போகிறாய் என்று சொல்லி ஏற்றிவிடு. போன பிறகு பழகிக்கொள்வாள்.

என்னைத் திட்டாதே.

மோசேசே


ஊயிஹா
26 ஆகஸ்ட் 1987

மோசேசே,

உங்கள் கடிதம் வந்தபோது நான் வீட்டில் இல்லை. கடல் தண்ணீர் வற்றியிருந்தது, சிப்பி பொறுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் வாசற்படியில் பிசிலா. மடியில் சிமி. உறை கிழிந்து கிடந்தது. கடிதத்தில் விரலை வைத்து வரி வரியாக நகர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அம்மா, அப்பா லெட்டரை நானே படிச்சிட்டேன், முழுசா" என்றாள். சிரிக்கவில்லை.

"ஆனா ஒரு இடம் சரியா வரல. சும்மா ஊர் பார்க்கன்னு போட்டிருக்கு. அதுக்கு மேல அக்காவுடனே இருக்கட்டும்னு இருக்கு. ரெண்டும் சேரலையே. நான் தப்பா படிச்சிட்டேனாம்மா? பன்றி மாதிரி?"

ஆமாம், தப்பாகப் படித்துவிட்டாய் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அதன் பிறகு எந்த எழுத்தையும், தன் கண்ணையும் நம்பியிருக்க மாட்டாள்.

"இல்லடி, சரியாத்தான் படிச்சிருக்க" என்றேன். "ஒரு எழுத்துகூடத் தப்பில்ல."

அவள் கடிதத்தை மடித்தாள். "அப்போ நெசமாவே அப்படித்தான் எழுதியிருக்காரா?" என்று கேட்டாள். நான் அதை வாங்கிக் கிழிந்த உறைக்குள் வைத்தேன்.

அண்ணி செவ்வாய்க்கிழமை வந்தார். பாய் விரித்து, சேம்பும் மீனும் வைத்து, எல்லா மரியாதையும் செய்துவிட்டுத் தலை குனிந்து சொன்னேன்: "பிள்ளையை அனுப்ப மாட்டேன், அண்ணி."

"யார்கிட்ட பேசறன்னு தெரியுதா?" என்றார்.

"தெரியுது."

"என் தம்பி சரின்னு சொல்லிட்டான்."

"அவர் சொன்னதைப் பிசிலாவே படிச்சிட்டா, அண்ணி. அவளை ஏமாத்தி ஏத்த முடியாது. அழ அழத்தான் இழுத்துட்டுப் போகணும். இழுக்கறதுன்னா இழுங்க."

அவர் பிசிலாவையே ரொம்ப நேரம் பார்த்தார். "நீயா படிச்ச?" என்று கேட்டார். பிசிலா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆமா" என்றாள். அண்ணி சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். உங்கள் தம்பி வீட்டில் தங்கி, மறுநாள் கப்பலேறினார். அந்த வீட்டில் இப்போது யாரும் என்னோடு பேசுவதில்லை.

உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் எழுதும்போது பார்த்து எழுதுங்கள். இந்த வீட்டில் இப்போது இரண்டு பேருக்குப் படிக்கத் தெரியும்.

லோசலினி


மாங்கரே
17 செப்டம்பர் 1987

என் தங்கம் பிசிலாவுக்கு,

இது உனக்கு நான் எழுதும் முதல் கடிதம். பெரிய எழுத்தாக எழுதுகிறேன். அவசரம் இல்லை. தெரியாத சொல் வந்தால் விட்டுவிட்டு மேலே போ. பிறகு திரும்பி வா.

நீ அத்தை வீட்டுக்குப் போக வேண்டாம். அம்மாவோடும் சிமியோடும் இரு. அத்தைக்கு எழுதிவிட்டேன். அத்தைக்கு என் மேல் கோபம். உன் மேல் இல்லை. கிறிஸ்துமஸுக்கு அவள் வந்தால், உனக்குப் பிடித்த பக்கம் ஒன்றை வாசித்துக் காட்டு. விருப்பம் இருந்தால் மட்டும்.

அந்தக் கடிதத்தை நீ சரியாகத்தான் படித்தாய். அப்பா எழுதியதுதான் தப்பு.

இதை அம்மாவிடம் நீயே வாசித்துக் காட்டு. அம்மா என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது. எழுத்து எப்படி இருந்தாலும் சரி, நான் படித்துக்கொள்வேன்.

உன்
அப்பா