வலை முடிச்சு

செவ்வாய், இரவு

போன மாதம் என் வீட்டுக்காரர் கிழிந்த வலையைப் பொத்தினால் முடிச்செல்லாம் நழுவும். என்மேல் உள்ள கோபத்தில் ஏனோதானோ என்று போடுகிறார் என்றுதான் நினைத்தேன். பழுதான ஈரல் கழிக்காத நஞ்சு மூளையைக் குழப்புகிறது என்று ஈரல் டொக்டர்தான் கண்டுபிடித்துக் குடிக்கப் பாணி மருந்து தந்தார். மூளை தெளிந்ததா என்று எழுதவைத்துச் சோதிக்க இவருக்கு எழுத்து வராது. "எனக்கு வலை தெரியாது அம்மா. முடிச்சை நீங்கள் பாருங்கோ. நழுவினால் உடனே கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றார் டொக்டர். அன்றிலிருந்து வலையைப் பயந்து பயந்துதான் தொடுவேன்.

இன்று பின்னேரம் அவரே பொத்தி முடித்த வலையை என் மடியில் போட்டார்.

"இஞ்சேர், இழுத்துப் பார்."

ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தேன். ஒரு முடிச்சும் அசையவில்லை.

"மெல்லமா இழு, கிழிக்கப் போறாய்!" என்று ஏசினார்.

அவருடைய பழைய ஏச்சு. மாதாவே, அந்த டொக்டர் நல்லாயிருக்கவேண்டும்.