சனிக்கிழமை ஒன்பது மணி

மார்ச் 4, செவ்வாய்
அந்த வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். சேர்த்தவர் 'மீசை' என்ற பெயரில் அதை நடத்துபவர். அனுப்பியது ஒரே சொல்: "வாங்கண்ணே." மாடித்தோட்ட வீடியோ போடும் ஒரு பெண்மணியைக் கேலி செய்வதற்கென்றே கூடியவர்கள். இவர்கள் யார், ஏன் கூடுகிறார்கள் என்று பத்திரிகை ஆசிரியர் கட்டுரை கேட்டிருக்கிறார். நிருபர் என்று நான் சொல்லவில்லை.

மார்ச் 8, சனி
காலை ஒன்பதுக்கு அவர் வீடியோ வந்தது. எல்லோரும் சேர்ந்து பார்க்கிறார்கள். அவர் "ஓகேவா ஃப்ரெண்ட்ஸ்" என்னும் போதெல்லாம் குழுவில் ஆளுக்கொரு தண்ணீர் வாளிப் படம் போட வேண்டும். நானும் போட்டேன். சந்தேகம் வரக்கூடாதே.

மார்ச் 13, வியாழன்
காய்ச்சல். அலுவலகத்திலிருந்து வந்தது விடுப்புக் கடிதம் கேட்ட அழைப்பு மட்டும். குழுவில் கூரியர் வண்டி ஓட்டுபவர் கேட்கிறார்: "அண்ணே, இருக்கீங்களா, இல்ல மேடம் வீடியோவப் பாத்தே போய்ச் சேந்துட்டீங்களா?" சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. மாத்திரை போட்டாச்சா என்று மீசை இரண்டு முறை விசாரித்தார். மகள்கூட — சரி, அவளிடம் நான் சொல்லவே இல்லையே.

மார்ச் 15, சனி
போன வாரம் ரோஜா இருந்தது விளிம்பு உடைந்த மண்தொட்டியில். இன்று பூத்துக் குலுங்குவது புதுத் தொட்டியில். "நானே வளத்தது" என்கிறார். தொட்டியில் நர்சரியின் சீட்டு ஒட்டியிருந்தது. நர்சரிக்கு ஃபோன் செய்தேன். வியாழக்கிழமைதான் வாங்கிப் போனாராம். பழக்கதோஷம். குழுவில் போட்டேன்.
"அண்ணன்னா அண்ணன்தான்" என்று தொடங்கினார் கூரியர்காரர். பாராட்டு மாலைவரை நிற்கவில்லை. முதல் பக்கத்தில் வந்த எந்தச் செய்திக்கும் எனக்கு இப்படி நடந்ததில்லை.

மார்ச் 18, செவ்வாய்
அவர் வீடியோக்களின் கீழெல்லாம் 'நர்சரி மேடம்' என்றே கமெண்ட். கட்டுரைக்காக, நிருபராக, அவரிடம் பேசினேன்.
"பழைய செடி பட்டுப்போச்சு சார். வெறும் தொட்டியக் காட்ட மனசு வரல." பிறகு அவரே கேட்டார்: "யார் கண்டுபிடிச்சாங்கன்னு தெரியுமா சார்?"
தெரியாது என்றேன்.

மார்ச் 22, சனி
ஒன்பது மணிக்கு வீடியோ இல்லை. சேனலே இல்லை. எல்லோரும் காத்திருந்தோம். கடைசியில் கூரியர்காரர்: "சரி, அப்புறம்?"

மார்ச் 24, திங்கள்
குழுவில் சத்தமே இல்லை. இருமல் போய்விட்டது. யாரிடம் சொல்ல?

மார்ச் 26, புதன்
கட்டுரை முடிந்தது, ஒரு பத்தி தவிர: நர்சரிக்கு ஃபோன் செய்தது யார்? வெள்ளி மாலைக்குள் வேண்டும் என்கிறார் ஆசிரியர். அச்சானால் குழுவில் எனக்கு இடமில்லை.
மீசை இன்று எழுதியிருக்கிறார். கேலி செய்யப் புது ஆள் கிடைத்தாயிற்றாம், யாரென்று சனிக்கிழமை ஒன்பதுக்குச் சொல்வாராம். "அண்ணே, நீங்க இல்லாம ஆரம்பிக்க மாட்டோம்."
சனிக்கிழமை எட்டரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.