ஓட்டின்மேல் காயும் பேட்டரிக் கட்டைகள்

கோட்டுச்சேரி,
4.1.1984

அன்புள்ள அத்தானுக்கு,

சௌந்தரவல்லி வணங்கி எழுதுவது. நானும் அல்லியும், கொட்டகையில் புதிதாகப் பிறந்திருக்கிற செவலைக் கன்று முதற்கொண்டு, எல்லாரும் நன்றாக இருக்கிறோம். நீங்களும் பம்பாயில் அப்படித்தான் இருக்கிறீர்கள் என்று, உங்கள் கடிதத்தைப் பிரிக்கும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வயல் விஷயம். கடைசி மழையில் கீழ்ப்பங்கில் கொஞ்சம் கதிர் சாய்ந்துவிட்டது. மற்றபடி சம்பா மோசமில்லை. பொங்கல் கழித்து அறுக்கலாம் என்று உங்கள் தம்பி பாலகுரு சொல்கிறார். அல்லி எட்டாவது வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள். கணக்கு மட்டும் உங்களைப்போலவே ஏற மாட்டேன் என்கிறது.

இனி உங்கள் கடிதம். ஓட்டலில் பேண்டை நிறுத்திவிட்டார்கள், இனிமேல் கேசட்டும் கலர் விளக்கும் போதுமாம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் கண் கலங்கவில்லை. ஊர் பேர் தெரியாத ஒருவரை ஒன்பது வருஷம் மேடையில் உட்கார்த்தி வைத்துச் சோறு போட்டவர்கள், நன்றாக இருக்கட்டும். ஆனால் கிட்டாரை வாங்க ஆள் வந்திருக்கிறது, விற்றுவிட்டு ஒரு பம்புசெட்டோடு ஊர் வந்து சேருகிறேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் எனக்கு அடுப்பில் குழம்பு தீய்ந்தது. அதற்கும் கீழே ஒரு வரி: "எனக்கென்று என்ன இருக்கிறது? தேய்ந்த பேட்டரியில் ஓடிய பெட்டியைக் கேட்டுத் தப்பாகப் படித்தவன்." அதைப் படித்துவிட்டுத் தீய்ந்த குழம்பையே இரண்டு நாள் சாப்பிட்டேன். வேறு வைக்க மனசு வரவில்லை.

நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். மறந்துபோய்விட்டதோ என்று சொல்கிறேன். நமக்குக் கல்யாணமான மறு வருஷம், காரைக்காலில் மஹ்பூபா அக்கா வீட்டுக்கு அவர்கள் நிலத்து நெல்லை வண்டியில் கொண்டுபோய் இறக்கினீர்கள். திரும்பி வரும்போது காலி வண்டியில் ஒரு கிட்டாரும், பாட்டுப் பெட்டியும், ஒரு கட்டு இசைத்தட்டும் இருந்தன. அவர் வீட்டுக்காரர் சைகோனில் கடை வைத்திருந்தபோது வாங்கிய சாமான்கள். "அவங்க மவுத்தான பொறகு இத தொடைச்சு வைக்கக்கூட எனக்குத் தெம்பில்ல. நீங்கதான் கண்ண எடுக்காம பாக்குறீங்களே, கொண்டு போங்க" என்று சொன்னாராம். உழவு மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கி வரச் சொன்னால் இதைக் கொண்டு வந்திருக்கிறாரே என்று நான் அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டேன். அந்தப் புண்ணியவதி கை என்றைக்கும் நோகாமல் இருக்க வேண்டும்.

நம் வீட்டில் அப்போது கரண்ட் இல்லை. பெட்டி பேட்டரிக் கட்டையில் ஓடியது. கட்டை தீரத் தீர நீங்கள் அதைச் சுவரில் தட்டி, வெயிலில் காயவைத்து, மறுபடி போடுவீர்கள். தட்டு சோம்பிச் சோம்பிச் சுற்றும். பாட்டு கனத்துப்போய் மெதுவாக வரும். எப்போதாவது புதுக் கட்டை போட்டால் பாட்டு துள்ளும். உடனே நிறுத்திவிட்டு, "புதுக் கட்டைக்கு வெறி புடிச்சிருக்கு வல்லி, ரெண்டு நாள் ஆறட்டும்" என்பீர்கள்! அந்தக் கனத்த குரலுக்குத் தக்கபடி கிட்டார் நரம்புகளையும் தளர்த்தி வைத்துக்கொண்டீர்கள். நரம்பு அறுந்தால் திருவேட்டக்குடி முத்தையன் அண்ணன் வலைக்கு வைத்திருக்கும் தங்கூசி நைலான் நூலில் வெட்டிக் கொடுப்பார். அவர் வீட்டு மீனையும் தின்றோம், அவர் தங்கூசியிலும் வாசித்தோம்.

இதற்குப் பேர் ஜாஸ் என்று நீங்கள் சொன்னதும் எனக்குப் புரியவில்லை. ஒரே பாட்டை நேற்று ஒரு மாதிரி, இன்றைக்கு ஒரு மாதிரி வாசிப்பீர்கள். கோட்டுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கு நேர் ரோடு இருக்க, இவர் ஏன் ஒவ்வொரு வரப்பாக இறங்கிப் போகிறார் என்று நினைப்பேன். ஆனால் கடைசியில் சரியாகப் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பீர்கள். அதைக் கேட்கத்தான் சுவருக்கு இந்தப் பக்கம் வேலை இல்லாவிட்டாலும் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

காரைக்காலில் ஒரு கிறிஸ்தவக் கல்யாணத்தில் வாசித்தீர்கள், வந்திருந்த பேண்ட் மாஸ்டர் பம்பாய்க்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே போய்ச் சேர்ந்த முதல் மாதமே சாக்ஸபோன்காரர் உங்கள் சுதியைக் கேட்டுத் திட்டினார் என்று எழுதினீர்கள். எல்லாரோடும் வாசிக்கும்போது நரம்பை ஏற்றிக்கொள், ராத்திரிக் கடைசிப் பாட்டு மட்டும் உன் சுதியில் தனியாக வாசி என்று மாஸ்டர் சொன்னதையும் எழுதினீர்கள். அந்தக் கடைசிப் பாட்டுக்கு, சாப்பிட்டு முடித்தவர்கள்கூட எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதியதும் நீங்கள்தான். தப்பாகப் படித்தவனுக்கா அத்தான் அப்படி உட்கார்ந்திருந்தார்கள்?

நான் சொன்னால் பெண்டாட்டி சொல்கிறாள் என்று தள்ளிவிடுவீர்கள். அதனால் போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மஹ்பூபா அக்கா மகன் கரண்டில் ஓடும் பெட்டி வாங்கியிருக்கிறான். அப்பாவின் பாட்டைக் கேட்க வேண்டும் என்று அல்லி நச்சரித்தாள். நீங்கள் எப்போதும் முதலில் போடுவீர்களே, ஓரம் உடைந்த தட்டு, அதை எடுத்துக்கொண்டு போனோம். போட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி பாட்டு கீச்சுக்குரலில் ஓடுகிறது. "இது அப்பா பாட்டு இல்லம்மா" என்று அல்லிக்கு அழுகையே வந்துவிட்டது.

மஹ்பூபா அக்கா மட்டும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் பம்பாய் கிளம்புவதற்கு முன்னால் அவர் வீட்டுக் கூடத்தில் இதே பாட்டை வாசித்துக் காட்டினீர்களே, நினைவிருக்கிறதா? அவருக்கு இருக்கிறது. தட்டு நின்றதும் அல்லியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு, "எங்க வூட்டுல அவங்க கேட்டது இந்தப் பாட்டுதாம்மா. ஒங்க அத்தா வாசிச்சாங்களே, அது வேற. அது ஒங்க அத்தாவோடது" என்றார்.

எனக்கு ஜாஸும் தெரியாது, சுதியும் தெரியாது. ஆனால் அந்த நிமிஷம் புரிந்தது. அந்தத் தட்டில் இல்லாத பாட்டு ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. அதை நீங்கள் வேறு எவரிடமும் வாங்கவில்லை. கிட்டாரை விற்றால் அது எங்கே போய்க் குடியிருக்கும்?

புருஷனுக்குப் பெண்டாட்டி நன்றி சொல்லும் வழக்கம் நம் பக்கம் இல்லை. கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கீற்று இருந்த வீட்டுக்கு ஓடு போட்டீர்கள், கரண்ட் இழுத்தீர்கள், பிள்ளையைப் படிக்க வைக்கிறீர்கள். அதற்கெல்லாம் நன்றி. ஆனால் அதைவிட, நாள் முழுக்கச் சேற்றில் நின்றுவிட்டு வந்த எனக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டு வைத்திருந்தீர்களே, அதற்குத்தான் பெரிய நன்றி. நீங்கள் போன பிறகு இந்த வீடு ரொம்பச் சும்மா இருக்கிறது அத்தான்.

பம்புசெட் வந்தால் வயலுக்குத் தண்ணீர் வரும். எனக்கு என்ன வரும்? வாய்க்கால் தண்ணீரில் இத்தனை வருஷம் விளைந்த நிலம், இனியும் விளையும். வந்த ஆளிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். வேலை போனது போகட்டும், நீங்கள் வாருங்கள். அறுப்புக்கு ஆள் குறைகிறது, கதிரும் அறுக்கலாம். விரலைப் பார்த்து அறுத்தால் போதும்.

பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்துவிட்டேன். டார்ச் லைட்டில் கிடந்த பழைய கட்டைகளை ஓட்டின்மேல் காயவைத்திருக்கிறேன். அல்லி வற்றலைத் திருப்பிப் போடுகிற மாதிரி ஏறி ஏறித் திருப்பிப் போடுகிறாள். அவளுக்கு அப்பாவின் முகமே பாதி மறந்துபோயிருக்கும். பாட்டு மறக்கவில்லை.

எல்லைக் காளி துணையிருந்து உங்களைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கட்டும். வந்து சேரும்போது கதவைத் தட்ட வேண்டாம். வாசலில் நின்று, நரம்பைத் தளர்த்தி, உங்கள் சுதியில் வாசியுங்கள். நான் வந்து திறக்கிறேன்.

உங்கள்,
வல்லி