தாய்மாமன் வாங்கிய தொட்டில்

ஆடி 9

தங்கச்சிக்குக் குழந்தை பிறந்து பத்து நாள். தாய்மாமன் முறைக்குத் தொட்டில் வாங்க, அண்ணன் இன்று என்னைத் தென்காசிக் கடைக்குக் கூட்டிப்போனான். கட்டிலோடு ஒட்டி மாட்டுகிற தொட்டில். தங்கச்சி வீடியோ காலில், ஜாலரும் தலையணையும் வைத்த ஒன்றைக் காட்டிக் கேட்டாள். நான் கெட்டி மெத்தையும் சுற்றிலும் வலைத் தடுப்பும் மட்டும் உள்ளதை எடுத்தேன். தலையணையில் முகம் புதைந்தால் பிள்ளைக்கு மூச்சு முட்டும் என்றேன்.

"ஒனக்குப் பொறாமக்கா. அதான் மொட்டையா ஒண்ண எடுக்கே" என்றாள். அண்ணன் வாசலில் சாரலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பொறாமைதான். ஆனால் என் மகளுக்கென்றாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். அவள் பிறந்தபோது இதே அண்ணன் வாங்கி வந்தது, சேலையில் தொட்டில் கட்ட ஒரு இரும்புக் கொக்கி.