ஏழாவது ஆல்பம்

ஜூன் 3

அக்காவின் வீட்டுக்காரர் என் அறைக்கு வந்தார். மெக்கானிக். எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுகிறவர். நீ உயிரை விடுகிறாயே அந்த ராக் குழு, அதில் எதைக் கேட்கலாம் என்றார். இருபது வருடமாக இந்தக் கேள்விக்குத் தவம் கிடந்தவன் நான், விடுவேனா? வெளிவந்த வரிசையில்தான் கேட்க வேண்டும், எதையும் தாண்டக்கூடாது, ஒன்றைத் திருப்பித் தந்தால்தான் அடுத்தது என்று சட்டம் போட்டு முதல் சிடியைக் கொடுத்தேன். ஏழாவதுதான் உச்சம் என்றும் சொல்லிவைத்தேன்.

ஜூன் 10

அதற்குள் இரண்டாவதையும் கேட்டு முடித்துத் திருப்பிக் கொண்டுவந்தார். "நடுவுல தாளம் ஏழு ஏழா ஓடுது மச்சான். ஒரு சிலிண்டர் அடிக்காத வண்டி மாதிரி. ஆனா நல்லாத்தான் ஓடுது."

எனக்கு அது பிடிபட ஒரு வருடம் ஆனது. கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

ஜூன் 17

மூன்றாவதும் முடிந்தது. நேராக ஏழாவதுக்குப் போய்விடலாமா என்று கேட்டார். அஸ்திவாரம் போடாமல் மாடி கட்ட முடியாது மாமா என்றேன். ஏழாவது கைக்கெட்டும் தூரத்தில், அலமாரியில்தான் இருந்தது. அதை ஒருமுறை பார்த்தார். சிரித்துவிட்டு நான்காவதை வாங்கிக்கொண்டு போனார்.

ஜூன் 24

மாமா வரவில்லை. நான்காவது கொஞ்சம் கடினம்தான்.

ஜூன் 27

அக்கா போன் செய்தாள். முந்தாநாள் மாமாவுக்கு ஆபரேஷனாம். இடது காதுக்குள் கட்டி. வலது காது சின்ன வயதுக் காய்ச்சலிலேயே போனது, அது எல்லோருக்கும் தெரியும். உயிருக்குப் பயமில்லை. ஆனால் இனி எதுவும் கேட்காது.

முன்பே ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் கத்தினேன்.

"டாக்டர் மாசத் தொடக்கத்துலயே சொல்லிட்டாருடா. இவருதான் யாருக்கும் தெரிய வேணாம்னாரு. காது இருக்கிற வரைக்கும் நல்லதா எதையாவது கேட்டுக்கிறேன்னுதான் உன்கிட்ட வந்தாரு."

ஜூன் 28

ஏன் தரல? கைய நீட்டினா எடுத்திருக்கலாம். வாயத் திறந்து கேட்டாரே — சட்டமாம், வரிசையாம். பெரிய இவன் நான்.

இரண்டாவதிலேயே அவருக்குப் பிடிபட்டதைப் பொறுக்காமல்தான் இழுத்தடித்தேனா? ஆமாம். கொஞ்சம் அதுவும்தான்.

ஜூலை 6

போய்ப் பார்த்தேன். தலையைச் சுற்றிக் கட்டு. மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதி நீட்டினேன். பாதி படித்து மடித்து வைத்துவிட்டார். அளவு தெரியாமல் குரல் சத்தமாக வந்தது.

"அதை விடு. ஏழாவது எப்படி இருக்கும்? எழுதிக் குடு."

ஜூலை 13

நாற்பத்து நான்கு நிமிட ஆல்பம், பதினொரு பக்கம். எந்த நிமிடத்தில் தாளம் மாறுகிறது, எங்கே டிரம்ஸ் நின்று கிடார் மட்டும் போகிறது, எல்லாம் எழுதினேன். முப்பத்தோராவது நிமிடத்தில் வாத்தியம் எல்லாம் ஓய்ந்து பாடுகிறவன் குரல் மட்டும் வரும். அங்கே பேனா ஓடவில்லை. அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன்.

ஜூலை 14

மாமா தொடையில் தாளம் தட்டிக்கொண்டே படித்தார். ஒன்பதாம் பக்கத்தில் கை நின்றது. பென்சிலால் வட்டம் போட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார்.

"முப்பதுக்கு அப்புறம் முப்பத்தஞ்சு போட்டிருக்கே. தாண்டக்கூடாதுன்னு சொன்னவன் நீதானே?"

வீட்டுக்கு வந்ததும் ஏழாவதைப் போட்டேன். முப்பத்தொன்று. எழுதிக்கொண்டிருக்கிறேன்.