அப்பா குழாய் போட்ட கடல்மீன் தொட்டி

ஓசூர்,
ஞாயிறு காலை

அன்பு மகள் பிரவீனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். வேப்பனப்பள்ளி சித்தப்பா தோட்டத்தில் மா நன்றாகப் பூத்திருக்கிறதாம். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், சில விஷயம் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதி, படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன்.

கம்பெனியில் பிரஸ் மெஷினில் வலது கையில் மூன்று விரல் போனதிலிருந்து அவர் எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் மெஷின்களுக்குக் குழாய் போட்டவர், பல்பு மாட்டக்கூட ஆளைக் கூப்பிடச் சொன்னார். கட்டு மாற்றப் போன ஆஸ்பத்திரியில் கடல்மீன் தொட்டி ஒன்று இருந்தது. எல்லாரும் மீனைப் பார்த்தால் இவர் குனிந்து அடி அலமாரியைத் திறந்து குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும், "நம்ம கூடத்துல ஒண்ணு போடலாமா மங்கா" என்றார். விபத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு வேலையைப் பற்றிப் பேச்சு வந்தது அன்றுதான், நான் மறுக்கவில்லை.

மூன்றடிக் கண்ணாடித் தொட்டி மேலே, சின்னது கீழே. மேலே நிரம்பி வழியும் தண்ணீர் ஒரு குழாயில் இறங்கும், கீழே அழுக்கு வடிந்ததும் மோட்டார் இன்னொரு குழாயில் மேலே ஏற்றும். உப்புத் தண்ணீருக்கு இரும்பு ஆகாது, எல்லாம் பிவிசி. இடது கையாலேயே அறுத்தார், பசை தடவினார், முதல் நாள் என்னைக் கிட்டவே விடவில்லை. வளைவு ஒன்று கோணலாக ஒட்டி மூன்று தடவை அறுத்து எறிந்த பிறகு, "நீ புடிச்சுக்கோ, நான் திருப்புறேன்" என்றார். மீதி இணைப்பெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போட்டதுதான்.

தண்ணீர் விட்ட அன்று பக்கத்து வீட்டு ராஜப்பன் குடும்பத்தோடு பார்க்க வந்தார். பத்து நிமிஷம் அழகாக ஓடியது, கரண்ட் போயிற்று. மோட்டார் நின்றதும் மேலே ஏறிய தண்ணீர் அதே குழாயில் திரும்பி இறங்கி, கீழ்த் தொட்டி வழிந்து, கூடமெல்லாம் உப்புத் தண்ணீர். ராஜப்பன் நல்ல மனசோடுதான், "விடுண்ணா, இந்தக் கையோட எதுக்குச் சிரமம்" என்றார். அப்பா தொட்டியைப் போர்வையால் மூடிவிட்டார், ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. எட்டாம் நாள் காலை போர்வையை எடுத்து, ஏற்றுக் குழாயில், மேல் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்னத் துளை ஒன்று போட்டார். "காத்து உள்ள பூந்துட்டா தண்ணி இழுக்காது, நீயே மெயினை ஆஃப் பண்ணு" என்றார். அணைத்துவிட்டு ஓடி வந்தேன். கீழே தண்ணீர் ஏறியது, ஏறியது, விளிம்புக்கு இரண்டு அங்குலம் இருக்கையில் நின்றது. இன்னும் நாலு தடவை அணைக்கச் சொன்னார், நாலு தடவையும் அங்கேயே நின்றது. பிறகு ராஜப்பனைக் கூட்டி வந்து அவர் கையாலும் ஒரு தடவை அணைக்க வைத்தார்.

ஆறு வாரம் தண்ணீரைப் பக்குவப்பட விட்டு, பெங்களூர் போய் வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் இரண்டு வாங்கினோம். போனில் தொட்டிப் படத்தைப் பார்த்த கடைக்காரர், குழாய் வேலை எந்தக் கம்பெனி என்று கன்னடத்தில் கேட்டார். வெளியே போனால் பாக்கெட்டிலேயே வைத்திருக்கும் அந்த வலது கையை எடுத்து நெஞ்சில் வைத்து, "நானே மாடித்து", நானே செய்தது என்று அதே கன்னடத்தில் சொன்னார் உன் அப்பா. எனக்குக் கண் கலங்கி, மீன் பையைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன். கடைக்காரர் புதிதாக ஐந்து தொட்டி வைக்கிறார், குழாய் போட்டுத் தர இவரையே கூப்பிட்டிருக்கிறார். இன்று ஏழு மணி பஸ்ஸுக்கு டூல் பையோடு கிளம்பிவிட்டார்.

நைட் ஷிப்ட் முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. சந்திரசூடேஸ்வரர் உங்கள் இருவரையும் நல்லபடி வைத்திருக்கட்டும். ஒன்று மறக்காதே, இன்று ராத்திரி வீடு திரும்பியதும் அப்பா உனக்குப் போன் செய்வார். நான் எழுதியது எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, முதல் குழாயிலிருந்து அவரே சொல்லட்டும்.

என்றும் உன் நலம் வேண்டும்
அம்மா மங்கம்மா